பீட மலர்களும் கோண வடிவங்களும்

(நமது பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் பீட அலங்காரக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொன்விழாவையொட்டி, நம் பங்கின் ஒவ்வொரு குழுவும் தான் செய்துவரும் பணியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று தந்தை அவர்கள் பணித்தார்கள். பாடகர் குழுவுக்குக் குரல் இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபைக்கு ஏழைகளுக்குச் செய்த உதவியின் கணக்கு இருக்கிறது. பீடத்துக்குப் பூ வைக்கும் எங்களுக்கு என்ன இருக்கிறது? நாங்கள் சனிக்கிழமை மாலை வைப்பது புதன்கிழமைக்குள் வாடிக் குப்பைக்குழிக்குப் போய்விடுகிறது.

ஆயினும் எங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. பூசை முடிந்து வெளியே வரும்போது பெரியவர்கள் பலர் எங்களை நிறுத்திக் கேட்பது: "என்னம்மா, முன்னே பீடம் முழுக்கப் பூவாக இருக்கும். இப்போது மூன்று கிளையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறீர்களே! பூ குறைந்தால் பக்தியும் குறைந்த மாதிரி இல்லையா?" கேட்பவர்கள் கோயிலை நேசிப்பவர்கள். ஆகவே அவர்களுக்குப் பதில் சொல்வது எங்கள் கடமை. இன்று அந்தப் பதிலையே உங்கள்முன் வைக்கிறோம்.

கோணலா, கோணமா?

தமிழில் கோணல் என்றால் குற்றம். 'முதற் கோணல் முற்றும் கோணல்' என்று பழமொழியே இருக்கிறது. நேராக நிற்பது நல்லது, சாய்ந்து நிற்பது குறை என்று நம் மனமும் பழகிவிட்டது. ஆனால் ஆண்டவர் படைத்த செடிகொடிகளைச் சற்று உற்றுப் பாருங்கள். தென்னை மட்டை மரத்தைவிட்டு எவ்வளவு சாய்ந்து விலகி நிற்கிறது! இலந்தைக் கொம்பு கணுவுக்குக் கணு இடமும் வலமுமாக மடங்கி மடங்கியே நீளுகிறது. ஜன்னலோரம் வைத்த தொட்டிச் செடி நேராக வளர்வதில்லை; வெளிச்சம் வரும் பக்கம் சாய்கிறது. செடிக்குச் சாய்வு என்பது குறையன்று, அது ஒளியைத் தேடும் வழி.

நம் கண்ணுக்கும் இதில் ஓர் இயல்பு உண்டு. உருண்டையாகக் கட்டிய பூச்செண்டைப் பார்த்தால் கண் அங்கேயே தங்கிவிடும். சாய்ந்து நீளும் ஒரு கிளையைப் பார்த்தால் கண் அடியிலிருந்து நுனிக்குப் போகும். நுனியையும் தாண்டி, அது காட்டும் திசைக்குப் போகும். மலர் அலங்காரத்தில் கோண வடிவம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: சில கோடுகள், அவை புறப்படும் ஓர் இடம், அவற்றுக்கு நடுவே வெற்றிடம். அந்த வெற்றிடமும் அலங்காரத்தின் ஒரு பகுதியே.

ஜப்பானியர் கற்றுத் தந்தது

கோண அழகை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர். அவர்களுடைய மலர்க் கலைக்கு இகெபானா என்று பெயர். பூவை உயிரோடு நிலைக்கச் செய்தல் என்ற பொருள் அச்சொல்லுக்குள் இருக்கிறது. இக்கலை கடைவீதியிலோ கல்யாண மண்டபத்திலோ பிறக்கவில்லை. புத்தருக்கு மலர் படைக்கும் வழக்கத்திலிருந்து, அதாவது ஒரு பீடத்தின் முன்னால் பிறந்தது.

கியோட்டோ நகரின் நடுவே ரொக்காக்குதோ என்ற கோயில் இருக்கிறது. அதன் மண்டபம் ஆறு கோணமாக அமைந்திருப்பதால் அப்பெயர். கோயிலை ஒட்டி ஒரு குளமும், குளக்கரையில் குருமார் தங்கும் இல்லமும் இருந்தன. 'குளக்கரை இல்லம்' என்ற பொருள்பட இகெனோபோ என்று அக்குருமார் அழைக்கப்பட்டார்கள். காலையும் மாலையும் மலர் படைப்பது அவர்கள் கடமை. அவர்களில் ஒருவரான இகெனோபோ சென்கெய் மலர் அமைப்பதைக் காண மக்கள் திரண்டார்கள் என்று 1462-ஆம் ஆண்டின் நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது. அதே மரபில் வந்த சென்னோ என்பவர் 1542-இல் இக்கலையின் நெறிகளை எழுதி வைத்தார். மலர்ந்த பூவில் மட்டுமல்ல, மொட்டிலும் பட்ட கிளையிலும்கூட உயிரின் அழகு உண்டு என்பது அவர் போதனையின் சாரம்.

1542 என்றதும் நம் மனம் வேறோரிடத்துக்கும் போகிறது. அதே ஆண்டில்தான் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, நம் மக்களிடையே தமிழில் செபங்களைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவரே 1549 ஆகஸ்ட் 15-ஆம் நாள், தேவதாயின் பரலோக ஆரோபணத் திருநாளன்று, ஜப்பானின் காகோஷிமாவில் கரையிறங்கினார். 1551-இன் தொடக்கத்தில் கடுங்குளிரில் நடந்து கியோட்டோவை அடைந்தார். போரால் சிதைந்து கிடந்த அந்நகரில் பேரரசரைக் காண இயலாமல் சில நாட்களிலேயே திரும்பினார். நம் கடற்கரை மணலில் நடந்த பாதங்கள் இக்கலை வளர்ந்த நகரின் வீதிகளிலும் நடந்திருக்கின்றன. ஆகவே ஜப்பான் நமக்கு முற்றிலும் அந்நிய பூமி அன்று.

தொடக்கத்தில் ஏழு, ஒன்பது கிளைகளோடு நிமிர்ந்து நின்ற ரிக்கா என்னும் பெரிய அமைப்புகளே இருந்தன. பிறகு மூன்றே கிளைகளைக் கொண்ட எளிய ஷோகா முறை வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒஹாரா உன்ஷின் என்பவர் அகன்ற ஆழமில்லாத தட்டில் மலர் வைக்கும் மொரிபானா முறையைக் கொண்டுவந்தார். 1927-இல் தெஷிகஹாரா சோஃபு என்பவர் சோகெட்சு என்ற பள்ளியை நிறுவினார். யாரும், எங்கும், எந்தப் பொருளைக் கொண்டும் இக்கலையைச் செய்யலாம் என்பது அப்பள்ளியின் கொள்கை. விலை கொடுத்து வாங்க இயலாத எங்களைப் போன்றோருக்கு இது பெரிய ஆறுதல்!

மூன்று கிளைகளின் கணக்கு

இகெபானாவில் மூன்று முக்கியக் கிளைகள் விண், மனிதன், மண் ஆகியவற்றைக் குறிக்கும் என்பது பழைய மரபு. மூன்றும் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஒரே சாய்வாகவும் இருப்பதில்லை. நுனிகளை இணைத்தால் பக்கங்கள் மூன்றும் வெவ்வேறான முக்கோணம் வரும். நாங்கள் பின்பற்றுவது சோகெட்சு பள்ளியின் முதற் பாடம். அதில் கிளைகளுக்கு ஷின், சோயெ, ஹிகாயெ என்று பெயர்.

முதலில் நீளம். தட்டின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அகலம் 30 செ.மீ., ஆழம் 5 செ.மீ. என்றால் கூட்டுத்தொகை 35. கோயில் பெரிது, பின்வரிசையில் உள்ளவர்களுக்கும் தெரிய வேண்டும். ஆகவே அதன் இரு மடங்காக, 70 செ.மீ. நீளத்தில் முதற்கிளையை வெட்டுகிறோம். இரண்டாவது கிளை அதில் முக்கால் பங்கு, ஏறத்தாழ 52 செ.மீ. மூன்றாவது, இரண்டாவதில் முக்கால் பங்கு, 39 செ.மீ. வீட்டு மேசைக்கு வைப்பதானால் இரு மடங்குக்குப் பதில் ஒன்றரை மடங்கு போதும்.

அடுத்து சாய்வு. நேர் நிமிர்விலிருந்து முதற்கிளை 15 பாகை, இரண்டாவது 45 பாகை, மூன்றாவது 75 பாகை சாய வேண்டும். பாகைமானி தேடவேண்டாம், கடிகாரத்தை நினைத்துக்கொண்டால் போதும். பன்னிரண்டரை மணிக்குச் சிறிய முள் நிற்கும் சாய்வுதான் 15 பாகை. ஒன்றரை மணிக்கு 45. இரண்டரை மணிக்கு 75. முதல் இரண்டு கிளைகளும் முன்புறமாக இடப்பக்கம் சாயும். மூன்றாவது முன்புறமாக வலப்பக்கம் தாழும். இடமான கோயில் மூலைக்கு ஏற்றபடி இதை அப்படியே இடவலமாக மாற்றியும் வைக்கலாம். இம்மூன்றும் நின்றபின் அடியை மறைக்கச் சில பூக்களும் இலைகளும் போதும். இங்கேதான் நம் பழமொழி உண்மையாகிறது. முதற் கோணம் சரியாக அமைந்தால் முற்றும் சரியாக அமையும்.

கிளைகளை நிறுத்த ஜப்பானியர் பயன்படுத்துவது கென்சான் என்னும் கனமான ஊசித்தட்டு. கிளையை முதலில் நேராகக் குத்தி, பிறகு வேண்டிய பக்கம் மெல்லச் சாய்க்க வேண்டும். சாய்வாகவே குத்தினால் பிடிப்பு இராது. மரத்தண்டானால் அடியைச் சரிவாக வெட்டுக. மென்மையான பூந்தண்டானால் நேராக வெட்டுக. தண்டைத் தண்ணீருக்குள் வைத்தபடியே வெட்டினால் காற்று உள்ளே புகாது. பூ அதிக நேரம் வாடாமல் இருக்கும். ஊசித்தட்டு இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஜாடியின் வாய்க்குள் கவைக்குச்சி ஒன்றை இறுக்கி அதன் இடுக்கில் கிளையை நிறுத்துவது ஜப்பானிலேயே பழைய முறை. பச்சைப் பஞ்சுக் கட்டியை நாங்கள் வாங்குவதில்லை. அது பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. பொடியாக உதிருமேயொழிய மண்ணோடு மக்காது.

மேல்நாட்டு வடிவங்கள்

மேல்நாட்டு மலர்க் கலையிலும் கோண வடிவங்கள் உண்டு. இருபுறமும் ஒத்திருக்கும் முக்கோணம் அவற்றில் முதன்மையானது. மாதா பீடத்துக்கு இது பொருந்தும். அமைதியும் உறுதியும் உடையது. அடுத்தது ஒரு கோடு நிமிர்ந்தும் மறு கோடு தரையோடும் போகும் செங்கோண வடிவம். இதில் இரண்டைச் செய்து, ஒன்றையொன்று பார்க்கும்படி நற்கருணைப் பேழையின் இருபுறமும் வைத்தால், நடுவிலுள்ள வெற்றிடம் பேழைக்கு ஒரு சட்டம்போல் ஆகிவிடும். மூன்றாவது, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் சாய்கோடு. வாசக மேடையின் அடியில் இதை வைத்து, மேல்நுனி இறைவார்த்தை நூலை நோக்கும்படி செய்கிறோம்.

மேல்நாட்டு முறையில் கோட்டின்மேல் பூக்கள் நெருங்கி நிற்கும். ஜப்பானிய முறையில் கோடு வெறுமையாகவே நிற்கும். இரண்டையும் நாங்கள் பயன்படுத்துகிறோம். பெருவிழாவுக்கு முன்னது, சாதாரண ஞாயிறுக்குப் பின்னது.

கோண வடிவத்துக்கு நமக்கு மிகவும் பழக்கமான பொருள்களே போதும். சம்பங்கித் தண்டு, கல்வாழை இலை, மருள், தாழை மடல், நாணல், குரோட்டன்ஸ் ஆகியவை கோடு வரைவதற்கென்றே படைக்கப்பட்டவை போன்றவை. சொர்க்கப் பறவைப் பூவின் அலகு, தண்டின் நுனியில் கிட்டத்தட்ட செங்கோணமாகத் திரும்புகிறது. தொங்கும் ஹெலிகோனியாவின் தண்டு ஒவ்வொரு மடலிலும் மாறி மாறி மடங்குகிறது. குருத்தோலை ஞாயிறன்று நம் பிள்ளைகள் ஓலையை மடித்துச் செய்யும் சிலுவையிலும் கிளியிலும் எத்தனை கோணங்கள்! இக்கலைக்கு நாம் முற்றிலும் புதியவர்கள் அல்லர்.

திருச்சபை விரும்புவது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், கோயில் கலைகளில் வெறும் பகட்டைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்கிறது. 2002-இல் வெளிவந்த உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை இதை இன்னும் தெளிவாக்குகிறது. அதன் 305-ஆம் எண்ணின்படி, பீட அலங்காரத்தில் அளவு வேண்டும். பூக்களைப் பீடத்தின் மேலே வைப்பதைவிடப் பீடத்தைச் சுற்றி வைப்பதே முறை. திருவருகைக் காலத்தில் கிறிஸ்து பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடாமல் அடக்கமாக அலங்கரிக்க வேண்டும். தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ வைக்கக் கூடாது. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விலக்கு.

இந்த விதிகளின் உட்கருத்து ஒன்றே. பீடம் என்பது பூச்சட்டி வைக்கும் மேசை அன்று. அது பலியின் இடம், விருந்தின் இடம். அதை மறைக்கும் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் தன் வேலையைச் செய்யவில்லை. பூமாலைகளுக்கு நடுவே குருவின் கைகள் தெரியாவிட்டால், எழுந்தேற்றத்தின்போது அப்பம் ஒரு ரோஜாக் கொத்துக்குப் பின்னால் போய்விட்டால், நாம் யாரை அலங்கரித்தோம்? கோண வடிவம் பீடத்தை மறைப்பதில்லை. அது பக்கத்தில் நின்று சுட்டிக் காட்டுகிறது. மூன்று கிளைகளை ஏன் சாய்த்து வைக்கிறோம் என்று கேட்டவர்களுக்கு எங்கள் முதற் பதில் இது.

மூன்று கேள்விகள்

இனி நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கேள்விகளுக்கு வருவோம்.

ஒன்று: இது செலவைக் குறைக்கும் ஏற்பாடா? அன்று. பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசியபோது, 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவன் யூதாஸ். ஆண்டவரோ மரியாளின் பக்கம் நின்றார். ஆண்டவருக்குக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கக் கூடாது என்பதை நாங்களும் அறிவோம். அதனால்தான் சிக்கனம் என்ற காரணத்தை நாங்கள் சொல்வதில்லை. தைலம் எங்கே ஊற்றப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஆண்டவரின் பாதங்களில்! அவரை மறைப்பதற்கு அன்று. கொடையின் அளவைவிட அது யாரை நோக்குகிறது என்பதே முக்கியம்.

இரண்டு: தாராளமாகப் பூ சொரிவது நம் மக்களின் மரபல்லவா? ஆம், அது நல்ல மரபு. நற்கருணைப் பவனியில் பிள்ளைகள் இதழ் தூவட்டும். தேரில் மாலைகள் நிறையட்டும். உயிர்ப்புத் திருவிழிப்பின்போது கோயில் மணக்கட்டும். அங்கே நிறைவே அழகு. ஆனால் எல்லா நாளும் திருநாளாகிவிட்டால் திருநாளுக்கு என்ன மீதி இருக்கும்? தவக்காலத்தின் வெறுமையைக் கண்ட கண்ணுக்குத்தான் உயிர்ப்பின் பூக்கள் உண்மையில் பூக்கின்றன.

மூன்று: புத்த மதத்தார் கோயிலில் பிறந்த கலையை நம் கோயிலுக்குக் கொண்டுவரலாமா? மற்ற மக்களின் கலைகளில் உள்ள நல்லவற்றைத் திருச்சபை ஏற்கிறது. ஜப்பானியக் கத்தோலிக்கக் கோயில்களிலும் இம்முறையில் மலர் வைப்பது வழக்கமே. ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். மூன்று கிளை என்றதும் இது நம் மூவொரு கடவுளைக் குறிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். ஜப்பானியர் அவ்வாறு எண்ணவில்லை. அவர்கள் சொன்னது விண்ணும் மனிதனும் மண்ணும். நமக்கு அதுவே போதும். நிலம் தந்ததை மனிதன் தன் உழைப்போடு விண்ணகத் தந்தைக்கு ஏந்திக் கொடுக்கும் நேரம்தானே காணிக்கை நேரம்! அம்மூன்றும் கூடும் இடம் நம் பீடம். அந்தப் பீடத்துக்கு மேலே தொங்கும் சிலுவையோ நமக்கு எல்லாவற்றிலும் மேலான கோணம். விண்ணை நோக்கும் மரமும், மனிதரை நோக்கி விரியும் மரமும் அங்கே செங்கோணமாகச் சந்திக்கின்றன. எங்கள் கிளைகளை அதற்குமேல் உயர நாங்கள் விடுவதில்லை.

பொன்விழாவுக்கு ஒரு வேண்டுகோள்

பொன்விழாத் திருப்பலிக்கு வண்டி நிறையப் பூ வரவழைக்க வேண்டும் என்று சிலர் அன்போடு முன்வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. அந்தப் பூக்கள் பவனிக்கும் தேருக்கும் உதவும். பீடத்தருகே வைப்பதற்கு மட்டும் எங்களுக்கு வேறோர் ஆசை. பங்கின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் உங்கள் வீட்டு முற்றத்தில் வளர்ந்த ஒரு கிளை வரட்டும். கல்வாழை உள்ளவர்கள் ஓர் இலை கொண்டுவாருங்கள். செடி வைக்க முற்றமில்லாதவர்கள் ஏரிக்கரை நாணலைக் கொண்டுவாருங்கள். காய்ந்த கொம்பாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம்; பட்ட கிளைக்கும் இந்தக் கலையில் இடமுண்டு. ஐம்பது ஆண்டுகளில் இந்தப் பங்கில் பூத்தவர்களும் உண்டு, காய்ந்துபோனவர்களும் உண்டு, கோயிலை விட்டு விலகி நிற்பவர்களும் உண்டு. எல்லோருடைய கிளையும் அன்று ஒரே தட்டில் நிற்க வேண்டும். நிமிர்ந்தது நிமிரட்டும், சாய்ந்தது சாயட்டும், தாழ்ந்தது தாழட்டும். அவற்றுக்குரிய இடத்தைத் தேடிக் கொடுப்பது எங்கள் வேலை.

இக்கலையைக் கற்க விரும்பும் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், சனிக்கிழமை மாலை கோயிலுக்கு வரலாம். ஒரு கத்தரிக்கோலும் கொஞ்சம் பொறுமையும் போதும். கிளை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் நுனி ஆண்டவரைக் காட்ட வேண்டும் என்பதே நாங்கள் சொல்லித் தரும் முதற் பாடமும் கடைசிப் பாடமும்.



இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!